ஐம்பது தாண்டியவருக்கு 23 டயரா?

2022இல் பெட்ரோல் வரிசையில் நின்று களைத்துத்தான் எம்மில் பலர் திரும்பவும் சைக்கிளில் ஏறினோம். நல்ல விசயம். ஆனால் ஐம்பது தாண்டிய எமது தலையில் கடைகளில் கட்டிவிடுவது ரேஸ் சைக்கிளை! குனிந்த ஹேண்டில், 23 மில்லிமீற்றர் டயர், 21 கியர்.

கல்முனைக் கரையோரத்தில் ஏறுவதற்கு மலை எங்கே இருக்கிறது? எதிர்த்து வருவது கச்சான் காற்றுதான். அதற்கு இலேசான நாலைந்து கியர் போதும்.

உடைந்த கொங்கிறீட் ஒழுங்கையில் 100 பிஎஸ்ஐ அடித்த ஒல்லி டயர் ஒவ்வொரு குழியையும் நேரே முதுகுக்கு அனுப்பும். 32 டயருக்கு 60 போதும். அது நுழையாத பிரேம் எமக்கு வேண்டாம். பாருக்கு மேல் காலை அகட்டி நின்று பாருங்கள். இரண்டு விரல் இடைவெளி இல்லையா, வைத்துவிட்டு வாருங்கள். கழுத்து பிடித்து, சைக்கிளை மகனுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி ஆட்டோ பிடிக்கவா இவ்வளவு காசு?