வெப்பவாதம்: ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் கிடைக்க இது வழிசெய்கிறது. ஆனால், நிவாரணம் உயிர் போன பிறகு வருவது. உயிர் பிழைப்பாரா என்பது பெரும்பாலும் விழுந்த முதல் அரை மணி நேரத்தைப் பொறுத்தது. அந்த நேரம் கழிவது மருத்துவமனையில் அல்ல. கட்டுமான இடத்திலும் வயலிலும் பேருந்து நிறுத்தத்திலும்தான்.

சாதாரண மயக்கமா, வெப்பவாதமா?

தலைசுற்றல், வாந்தி, அதிக வியர்வை இருந்தும் பேச்சு தெளிவாக இருந்தால் அது வெப்பத் தளர்ச்சி. நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கரைசலோ மோரோ கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடுவார்.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மூளையும் தடுமாறினால் அது ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனப்படும் வெப்பவாதம். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். “வேர்க்குதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்ல” என்று விட்டுவிடக் கூடாது. உழைத்துக்கொண்டிருக்கும்போது விழுபவருக்கு வியர்வை நிற்காமலும் இருக்கும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டரும் உள்வெப்பத்தைக் குறைத்தே காட்டும். வெயிலில் இருந்தவரின் பேச்சும் நடத்தையும் மாறினாலே போதும், வெப்பவாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் அவ்வளவு அவசரம்?

உடல் அந்தச் சூட்டிலேயே நீடித்தால் மூளை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படும். நம் ஊர் வழக்கம், “தூக்கு, வண்டியில போடு, ஆஸ்பத்திரிக்கு விடு” என்பது. வெப்பவாதத்தில், குளிர்விக்க வசதி இருக்கும் இடத்தில், ‘முதலில் குளிர்வி, பிறகு கொண்டுபோ’ என்பதே விதி.

இதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஓட்டப்பந்தயத்தில் 18 ஆண்டுகளில் வெப்பவாதத்துக்கு ஆளான 274 பேரை அங்கேயே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவர்கள் ஓட்டக்காரர்கள், முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதே பலனை அப்படியே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறை 2024 முதல் ஐஸ் நிரப்பிய பைகளில் நோயாளியைக் கிடத்திக் குளிர்வித்தபடியே ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறது.

அருகில் இருப்பவர் என்ன செய்யலாம்?

உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குத் தூக்கிப்போய், இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாததால் ஈரத்துணியும் விசிறியும் மட்டும் போதாது. அங்கே குளிர்ந்த நீரை நிறைய ஊற்றிக்கொண்டே இருப்பது நல்லது.

ஆட்கள் இருந்தால் ஒரு தார்ப்பாய் போதும். ஓரங்களைத் தூக்கிப்பிடித்து, நடுவில் கிடத்தி, தண்ணீரும் ஐஸும் கொட்டினால் அதுவே தொட்டி. ஒருவர் தலையை நீருக்கு மேலே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. இது கிருமியால் வந்த காய்ச்சல் அல்ல.

அரசு என்ன செய்ய வேண்டும்?

டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024-ல் ஐஸ் தண்ணீர்த் தொட்டிகளுடன் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்தத் தொட்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே வர வேண்டும். கோடையில் ஒவ்வொரு ஆம்புலன்ஸிலும் ஐஸ், தார்ப்பாய், உள்வெப்பத்தை அளக்கும் கருவி. பெரிய பணியிடங்களிலும் மக்கள் திரளும் நிகழ்ச்சிகளிலும் தண்ணீரும் ஐஸும் பயிற்சி பெற்ற ஆட்களும். பெரிய செலவு பிடிக்கும் விஷயமல்ல இது.

வெப்பநிலையை உடனே அளந்து எழுதுவதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அளக்காவிட்டால் வெப்பச் சாவு ‘மாரடைப்பு’ என்று பதிவாகிவிடக்கூடும். அப்போது உயிரும் போய், பேரிடர் நிவாரணமும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமல் போகும்.