பாட்டி கன்னத்தில் ஒரு பொட்டு

போன மாதம் பாட்டிக்கு 85 வயது நிறைந்தது. கிள்ளானில் அத்தை வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தோம். மற்றவர்கள் கைப்பேசியை நீட்ட, நான் மட்டும் தாத்தா விட்டுப்போன பழைய கேமராவில் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டு 36 படம் எடுத்தேன். மறுநாள் என் சமையலறையிலேயே கழுவினேன்.

காய்ந்த நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்ததும் வயிறு கலங்கிவிட்டது. புள்ளி புள்ளியாக! அதிலும் பாட்டியைத் தனியாக எடுத்த ஒரே படத்தில், முகத்தின் மேலேயே.

உடனே பிலிம் பழசு என்று பழி போட்டேன். பாவம் பிலிம். தப்பெல்லாம் என் கையில்தான்.

புள்ளி விழுந்தால் முதலில் நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பளபளப்பான பின்பக்கத்தில், ஓரம் வளைந்து நெளிந்த கறை தெரிந்தால் அது தண்ணீர் காய்ந்த தடம். என் சுருளில் பாதி இந்த ரகம். காரணம், சீக்கிரம் காயட்டும் என்று மின்விசிறிக்குக் கீழே தொங்கவிட்டது. தூசியும் இலவசமாக ஒட்டிக்கொண்டது. சுருளை மறுபடி சுத்தமான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தேன். கடைசி அலசலுக்குப் பேரங்காடியில் விற்கும் காய்ச்சி வடித்த நீர், அதில் ஃபோட்டோ-ஃப்ளோ 200-க்கு ஒரு பங்கு. 600 மில்லிக்கு 3 மில்லி போதும். கூடினால் அதுவே கறையாகும். பிறகு கதவைச் சாத்திய குளியலறையில் தொங்கவிட்டேன். அந்தக் கறைகள் போயே போய்விட்டன.

நெகட்டிவ் முழுக்கப் பால் போலக் கலங்கியிருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை என்று அர்த்தம். புது ஃபிக்ஸரில் திரும்பப் போடலாம், பயமில்லை.

ஆனால் பாட்டியின் முகத்தில் இருந்தது வேறு. காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு சின்ன வெளிறிய வட்டம். டெவலப்பர் ஊற்றியபோது காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருக்கிறது; அந்த இடத்தில் மருந்தே சரியாகப் படவில்லை. இதை எத்தனை முறை அலசினாலும் போகாது. ஊற்றியவுடன் தொட்டியை மேசையில் இரண்டு மூன்று தட்டு தட்டியிருந்தால் குமிழி மேலே வந்திருக்கும். ஒவ்வொரு முறை கவிழ்த்து நிமிர்த்திய பிறகும் தட்ட வேண்டும். அன்று கவனமெல்லாம் வெப்பமானியில். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரை ஐஸ் கட்டி போட்டு 20 பாகைக்கு இறக்குவதற்குள் தட்டுவது மறந்துபோனது.

நெகட்டிவில் வெளிறியது படத்தில் கறுப்பாகத்தானே விழும்? பிரதி எடுத்ததும் வலது கன்னத்தில் அழகாக ஒரு கரும்பொட்டு. கணினியில் அழித்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"திருஷ்டிப் பொட்டு நீயா வச்சே, ஐயா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த சுருள் தீபாவளிக்கு.