பச்சையின் சம்பாத்தியம்

அமெரிக்காவிலிருந்து மகள் ஒரு படம் அனுப்பினாள். அவள் வீட்டு நிழலில் நிற்கும் ஹோஸ்டா செடி. தாம்பாளம் போல அகல இலை. ஓரமெல்லாம் வெண்ணெய் தடவிய மாதிரி வெள்ளை. ராஜபாளையத்தில் எங்கள் கொல்லை மாமரத்தடிக்குத் தோதாக இருக்குமே என்று ஆசை வந்துவிட்டது. நர்சரிக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: "பனி வேணும்ணே." ஜப்பான், கொரியா, சீனாப் பக்கத்துச் செடி அது. குளிரில் இலையெல்லாம் பட்டு, மண்ணுக்குள் உறங்கி எழுந்தால்தான் மறு வருஷம் தழைக்கும். நம் மார்கழி அதற்குக் காணாது.

பதிலுக்கு, வெள்ளை தெறித்த யானைக்காது ஒன்றைக் கொடுத்தார். சேம்புக்குச் சொந்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த அத்தை, "பூக்காத செடிக்கா இம்புட்டுத் தண்ணி?" என்றாள்.

"ஆண்டாளைக் கண்டெடுத்ததே துளசியடியிலதானே அத்தை? துளசியும் இலைக்கு வளர்த்ததுதானே?"

"சாமிக்கு வச்சதும் உன் பவுசுக்கு வச்சதும் ஒண்ணாடா?"

ஒருநாள் முழு வெள்ளையாக ஓர் இலை விரிந்தது. தெருவே வந்து பார்த்தது. மூன்றே வாரத்தில் பழுப்பேறித் தொங்கிவிட்டது. வெள்ளையில் பச்சையம் இல்லை. வெயிலைச் சோறாக்கத் தெரியாது. பச்சை சம்பாதிப்பதை உட்கார்ந்து தின்னும். அதனால்தான் இந்த ஜாதிச் செடிகள் நிதானமாக வளர்கின்றன. உச்சி வெயிலில் வெள்ளை கருகும். கும்மிருட்டில் செடியே சோரும். மரத்தடியில் வெளிச்சம் சல்லடையாக விழும் இடம்தான் சரி.

எங்கள் ராஜபாளையம் நாயும் அப்படித்தான். 2005இல் தபால்தலையில் ஏறிய பால் வெள்ளை அழகு. ஆனால் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நிறம் கொடுக்கும் செல்கள் உட்காதுக்கும் வேண்டுமாம். பக்கத்து வீட்டில் ஒன்று இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பாது, தரையை மிதித்தால் ஓடிவரும்.

செடியின் அடியில் முழுப்பச்சையாக ஒரு கன்று துடியாகக் கிளம்பியது. விட்டால் தொட்டியையே பிடித்துக்கொள்ளும். வெட்டி எடுத்தேன். "நல்லா வளர்றதைப் போய் வெட்டுறியே" என்று அத்தை அதை வாங்கிப்போய்த் துவைக்கல்லோரம் ஊன்றினாள். இப்போது அவள் தோளுயரம் நிற்கிறதாம்.

என்னிடம் அதே நாலு இலை. போன் போட்டால் அத்தை முதலில் கேட்பது இதைத்தான்: "உன் வெள்ளை வேட்டி மைனர் எப்படிடா இருக்கான்?"