கூட்டலும் பிரித்தலும் ஒரு சொல்லே

ஆங்கிலத்திலே 'கிளீவ்' என்றோர் அருஞ்சொல் உளது. 'ஒட்டிக்கொள்', 'பிள' என முரண்பட்ட இரு பொருள் தருவது. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாயிருந்த இரு வினைகள் காலப்போக்கில் ஓருருவம் எய்தியமையே காரணம். 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், மனைவியோடு இசைந்திருத்தலை ஆதியாகமமும் (2:24), மரம் பிளத்தலைப் பிரசங்கியும் (10:9) இச்சொல்லாலேயே கூறுகின்றன. ஆயினும் மயக்கமில்லை, 'அன்ட்டூ' என்னும் இடைச்சொல் முன்னதையும், மரமென்னும் செயப்படுபொருள் பின்னதையும் தெளிவிக்கின்றன.

யானோ அகராதியொன்றையே நம்பி, அன்னையைப் பற்றிநின்ற மகவு அவளைப் பிளந்ததாக மொழிபெயர்த்து நகைப்புக்கிடமானேன்! பலபொருளொருசொல்லை வினை, இனம், சார்பு என்பவற்றால் தெளிதல் தொல்காப்பியர் காட்டிய நெறியன்றோ? ஆதலின் மாணவ நண்பர்காள், சொற்பொருளை நெட்டுருச் செய்தல் போதாது. சொல்லை அதன் சுற்றத்தோடு கற்றலே கல்வியாம்.