பீடியா, பாறையா?

கோலார் தங்கவயல் என்றால் பலருக்கும் பொன் நினைவுக்கு வரும். அங்கே உழைத்த தமிழனுக்கு நெஞ்சில் படிந்த தூசு நினைவுக்கு வரும். வட ஆர்க்காடு, சேலம் மாவட்டச் சிற்றூர்களை விட்டுச் சென்றவர்கள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கிப் பாறையைத் துளைத்தார்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். மூச்சுத் திணறலை யார் மூடினார்கள்?

அந்த நோயின் பெயர் சிலிக்கோசிஸ். கல்லின் நுண்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. தழும்பை அகற்றும் மருந்து இன்றும் இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். 1940-களில் தங்கவயலில் சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் இருந்தது.

அப்படியானால் நோயாளி செய்யத்தக்கது ஒன்றுமே இல்லையா? உண்டு. முதலில் பீடியை விடவேண்டும். தழும்பேறிய நுரையீரலுக்குப் புகை இரண்டாவது அடி. விறகடுப்புப் புகையையும், சயனைடு மேடுகளிலிருந்து காற்று அள்ளிவரும் தூசையும் இயன்றவரை தவிர்க்கவேண்டும். மூச்சு இடங்கொடுக்கும் அளவுக்கு நாள்தோறும் நடக்கவேண்டும். இவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்கத் தயங்கலாகாது.

வெல்லம் தின்றால் தூசு வெளியேறும் என்பது தூசில் உழைப்போரிடம் உள்ள பழைய நம்பிக்கை. 1994-இல் வெளியான லக்னோ ஆய்வொன்று எலிகளிடம் அதற்குச் சாதகமான அடையாளம் கண்டது. எலிக்குக் கண்டது மனிதனுக்கு மருந்தாகிவிடாது. நீரிழிவும் உள்ள முதியவருக்கு அந்த வெல்லமே பகை!

பழக்கம் நோயைக் கூட்டும், குறைக்கும். ஆனால் இந்த நோயைப் பெற்றெடுத்தது பழக்கமன்று, பாறைத்தூசு. “பீடி குடித்தாய், இருமுகிறாய்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் தொழிலாளி, தப்பிவிடுவது தூசு. மருத்துவச் சீட்டில் வெறும் ‘காசநோய்’ என்று எழுதிவிட்டால், இழப்பீடு கேட்கும் வழியும் அடைபடும். நீர் பாய்ச்சித் துளைப்பதும் நல்ல காற்றோட்டமும் தூசை அடக்கும். அவை தொழிலாளியின் பழக்கங்களா? முதலாளியின் கடமைகள் அல்லவா? செயற்கைக் கற்பலகை அறுத்தவர்களுக்கு இதே நோய் வந்தபோது, ஆஸ்திரேலிய அரசு வெறும் புத்திமதியோடு நின்றுவிடவில்லை; 2024 ஜூலையில் அந்தக் கல்லையே தடை செய்தது.

தோழர்களே! நம்மில் சிலர் அந்தச் சுரங்கத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தாத்தாவிடம் கேளுங்கள்: எந்தச் சுரங்கம், என்ன வேலை, எத்தனை ஆண்டு? அதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். பீடியை விடச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. பாறையை மறக்கும் உரிமை நமக்கு இல்லை.