அந்த ரத்தம் முதலில் குழந்தைக்கு

"சிஸ்டர், கொடியைச் சீக்கிரம் கட் பண்ணச் சொல்லுங்க. ரத்தம் குறைஞ்சா பேங்க்ல எடுத்துக்க மாட்டாங்களாம்." பிரசவ அறை வாசலில் அந்த இளைஞர் கெஞ்சினார். கையில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கும் தனியார் நிறுவனம் கொடுத்த பெட்டி. முதல் தவணைக்கு மாமியாரின் வளையல் அடகுக்குப் போயிருந்தது.

31 ஆண்டுகள் பிரசவ அறையில் நின்றவள் நான். பிறந்த குழந்தையின் கொடியை விரலால் தொட்டால் துடிப்பது தெரியும். நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் இன்னும் பிள்ளைக்குள் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் கிளாம்ப் போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின்வரும் மாதங்களுக்கான இரும்புச்சத்து அதில் இருக்கிறது. பை நிறைய வேண்டும் என்பதற்காக அதை நிறுத்தச் சொன்னால் எனக்கு மனசு ஆறாது.

"நம்ம பாட்டிங்க கொடியைத் தாயத்துல வெச்சுக் கட்டினதே இதுக்குத்தான்" என்று இந்த நிறுவனத்தார் கர்ப்பிணிகளிடம் சொல்கிறார்கள். என் மகளுக்கும் நான் கட்டினேன், அது பாசம். காய்ந்த கொடியில் உயிருள்ள செல் ஏது? கொடி ரத்த வங்கியில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அல்லவா காக்கிறார்கள்!

தொப்புள்கொடி ரத்தம், அதிலுள்ள ஸ்டெம் செல்களால், உயிர் காக்கும் என்பது உண்மை. 1988-ல் பாரிஸில் ஃபான்கோனி ரத்தசோகை வந்த சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார்கள். ஆனால் அது அவனுடைய ரத்தம் அல்ல, அவன் தங்கையுடையது. தலசீமியா போன்ற பரம்பரை நோய் என்றால், அதே குறை சேமித்த ரத்தத்திலும் இருக்கும். பிள்ளைக்குத் தன் ரத்தமே பயன்படும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வணிக நோக்கிலான சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லிவிட்டது. மூத்த பிள்ளைக்கு இதனால் தீரக்கூடிய நோய் இருந்தால் கதை வேறு. ரத்தநோய் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மற்றவர்களிடம் ஆயுள் காப்பீடு மாதிரி இதை விற்பது அநியாயம்.

அந்த இளைஞரிடம் இன்னொன்றும் சொன்னேன். சென்னையில் 'தாத்ரி' என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு இருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தேய்த்து மாதிரி கொடுத்தால் போதும். திசுப் பொருத்தம் அமைந்தால், எங்கோ ரத்தப் புற்றுநோயோடு கிடக்கும் ஒருவருக்கு உங்கள் ஸ்டெம் செல் போகும். உங்கள் பிள்ளைக்கே ஒருநாள் தேவைப்பட்டால், வீட்டில் பொருத்தம் இல்லாதபோது, இப்படிப் பெயர் கொடுத்த யாரோ ஒருவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அன்று கொடியின் துடிப்பு அடங்கிய பிறகுதான் டாக்டர் கிளாம்ப் போட்டார். பை பாதிகூட நிறையவில்லை.