வாயைக் கட்டுவதா? கசிவைக் கட்டுவதா?

“வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்தேன்” என்பது நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்பெறும் உரை. பிள்ளையைப் படிக்க வைத்ததற்கும், மகளுக்கு ஒரு காதணி வாங்கியதற்கும், மழைக்கு முன் கூரை வேய்ந்ததற்கும் இதனையே கணக்காகக் காட்டுவர் நம் பெற்றோர். இவ்வுரையில் உள்ள ஈகத்தை எவரும் பழித்தல் ஒல்லாது. ஆயினும் இதனுள் மறைந்து கிடக்கும் கொடுமையை நாம் இன்னும் உற்று நோக்கவில்லை. கட்டப்பெற்ற வயிறு எவருடையது? பெரும்பாலும் அது தாயின் வயிறு.

யான் சிறுவனாயிருந்த காலத்தில் என் அன்னையார் எங்களோடு அமர்ந்து உண்டதைக் கண்டதில்லை. எல்லார்க்கும் இட்டபின் பானையில் எஞ்சியதே அவர் பங்கு. எஞ்சாத நாளில், “எனக்குப் பசியில்லை” என்பார். அதே வீட்டில் திண்ணை விளக்கு ஆளில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். மூடாத கலத்தில் உலைநீர் வீணே ஆவியாகிக் கொண்டிருக்கும். எந்தையார் கடைத்தெருவில் நண்பர் நால்வர்க்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு மகிழ்வோடு வருவார். கசிவுகள் எல்லாம் கசிந்தபடியே இருக்க, ஒரு வாய் மட்டும் கட்டப்பெற்றது. அதனை நாங்கள் சிக்கனம் என்று அழைத்தோம்.

அது சிக்கனம் அன்று. உண்ண வேண்டியதை உண்ணாதிருத்தல் வறுமைக்கு இட்ட மறுபெயர். எவருக்கும் பயன்படாமல் ஒழுகிப் போவதைத் தடுத்தலே சிக்கனம். பொருள் வரும் வழி சிறிதாயினும், அது போகும் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது திருவள்ளுவப் பெருந்தகை காட்டிய நெறி. போகும் வழியை அளக்கச் சொன்ன அவர், உண்ணும் வாயை அடைக்கச் சொன்னாரில்லை. ஆகலின் நம் வீட்டில் பொருள் போகும் வழிகளை ஒவ்வொன்றாக அளந்து பார்ப்போம்.

முதலில் மின்கட்டணம். தமிழகத்தில் 2022-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, இரு திங்களில் 500 அலகு செலவிட்ட வீடு 1725 உருபா செலுத்தியது. 510 அலகு செலவிட்ட வீடு 2030 உருபா செலுத்தியது. பத்தே அலகு மிகுந்ததற்கு 305 உருபா! 500 என்னும் எல்லையைத் தாண்டியவுடன், தாண்டிய பகுதிக்கு மட்டுமன்றி, 101 முதல் 200 வரையுள்ள அலகுகட்கும் 2 உருபா 25 காசு என்றிருந்த விலை 4 உருபா 50 காசாக ஏறியதே இதன் கரணியம். பின்னர் விலைகள் மாறின, படிப்பினை மாறவில்லை. எல்லையைத் தாண்டச் செய்யும் கடைசிப் பத்து அலகே வீட்டின் மிக விலையுயர்ந்த மின்சாரம்.

அப் பத்து அலகு எங்கிருந்து வருகின்றது? தொலைக்காட்சியைக் கையிலுள்ள கருவியால் அணைத்துவிட்டு உறங்கச் செல்கின்றோம். சுவரிலுள்ள ஆளியை அணைப்பதில்லை. அதனோடு இணைந்த பெட்டி பத்து வாட்டு அளவு இழுத்துக் கொண்டிருக்குமாயின், நாளொன்றுக்கு இருபது மணி நேரமாக அறுபது நாளில் 12 அலகு போய்விடும். எவரும் பாராத தொலைக்காட்சிக்காக நாம் செலுத்தும் தண்டம் அது.

விளக்கும் அவ்வாறே. பழைய 60 வாட்டு இழை விளக்கை நாளும் ஐந்து மணி நேரம் எரித்தால் இரு திங்களில் 18 அலகு ஆகும். ஏறத்தாழ அதே ஒளியைத் தரும் 9 வாட்டு ஒளியீரி விளக்கு, அதாவது கடைகளில் எல்.இ.டி. எனப்படுவது, மூன்று அலகுக்கும் குறைவாகவே கொள்ளும். மின்விசிறியில் இன்னும் பெரிய வேறுபாடு உண்டு. பழைய வகை ஏறத்தாழ 75 வாட்டு கொள்வது. தூரிகையில்லா மின்னோடி பொருத்திய புதுவகை 30 வாட்டு அளவிலேயே சுழல்வது. நாளும் பன்னிரண்டு மணி நேரம் சுழலுமாயின் இரு திங்களில் முன்னது 54 அலகும் பின்னது 22 அலகும் கொள்ளும். நன்றாகச் சுழலும் விசிறியை இதற்காகக் கழற்றி எறிய வேண்டுவதில்லை. பழுதுற்று மாற்ற நேரும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு வாங்கினாற் போதும்.

அடுத்து அடுக்களை. திறந்த கலத்தில் கொதிக்கும் நீரின் வெப்பம் 100 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. கொதி வந்தபின் தீயைக் கூட்டினால் நீர் விரைந்து ஆவியாகுமேயன்றிப் பருப்பு விரைந்து வேகாது. ஆகவே கொதி வந்ததும் தீயைத் தணித்துக் கலத்தை மூடுக. கடலையையும் பயற்றையும் முதல்நாள் இரவே ஊறவைக்க. ஆவியை அடக்கி வேகவைக்கும் அழுத்தக் கலத்தில் வெப்பம் 120 பாகை அளவுக்கு ஏறுவதால் வேகும் நேரம் பெரிதும் குறையும். கலத்தின் அடியைத் தாண்டி வெளியே நீளும் தீநாக்கு, காற்றைச் சுடுவதற்கென்று நாம் எரிக்கும் காசு. முப்பது நாள் வரும் எரிவளி உருளையை இவ்வழிகளால் நாற்பது நாள் வரச் செய்துவிட்டால், ஓராண்டில் மூன்று உருளை எஞ்சும்.

இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் காலையில் அடுப்பே மூட்டாமல் ஒருவேளை உணவு ஆயிற்று. ஆனால் ஒன்று: அப் பழஞ்சோறு வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் உரிய உணவாக இருத்தல் வேண்டும். பிள்ளைகட்கும் கணவர்க்கும் சுடச்சுட இட்டலி, அன்னைக்கு மட்டும் பழஞ்சோறு என்பது, முன்னர்ச் சொன்ன பழைய கொடுமையே.

மூன்றாவது கடைத்தெரு. பல பொருள்களில் பொதியின் விலை மாறாதிருக்கின்றது. உள்ளிருக்கும் எடை மட்டும் ஓசையின்றிக் குறைகின்றது. விலையைப் பார்க்கும் நம் கண், எடையைப் பார்ப்பதில்லை. 10 உருபாவுக்கு 40 கிராம் என்றால் கிலோ 250 உருபா. 100 உருபாவுக்கு 500 கிராம் என்றால் கிலோ 200 உருபா. பெரும்பொதி எப்பொழுதும் மலிவென்று நம்பிவிடுதலும் தவறு. சில பொருள்களில் சிறுபொதியே மலிவாக இருத்தலும் உண்டு. வகுத்துப் பார்த்தவனுக்கே உண்மை விளங்கும். பள்ளியில் வகுத்தல் கற்ற பிள்ளையைக் கடைக்கு அழைத்துச் சென்று இக்கணக்கைச் செய்யச் சொல்லுங்கள். அதனினும் நல்ல பயிற்சி இல்லை.

இனி ஆடவர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். கீரைக் கட்டுக்கு ஐந்து உருபா மிகுதியாகக் கொடுத்துவிட்டாள் என்று மனைவியைக் கடிந்துகொள்ளும் நாவே, நாளும் தேநீர்க்கும் வெண்சுருட்டுக்கும் முப்பது உருபாவைக் கணக்கின்றிச் செலவிடுகின்றது. ஓராண்டில் அது 10950 உருபா. குடிப்பழக்கம் உடையவர் கணக்கை எழுதவும் கை கூசுகின்றது. வீட்டுக் கணக்கு என்பது பெண்டிர் செலவுக் கணக்கு மட்டும் அன்று. ஆடவர் சட்டைப்பையின் கணக்கும் அவ்வேட்டில் ஏறினாலொழியச் சிக்கனம் பேச அவர்க்கு உரிமையில்லை.

இத்துணைச் சிறு காசுகளைப் பேசுவது எற்றுக்கு என்று சிலர் நகைக்கக்கூடும். நூற்றுக்குத் திங்கள் மூன்று என்னும் வட்டிக்குப் பத்தாயிரம் உருபா கடன் பெற்றவனைக் கேளுங்கள். திங்கள்தோறும் 300, ஓராண்டில் 3600. முப்பத்து நான்காம் திங்களில் முதலின் அளவையும் வட்டி தாண்டிவிடும். முதலோ அப்படியே நிற்கும். கொடுவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியது. ஆயினும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது கையில் காசில்லாதவன் சட்டத்தைத் தேடிப் போவதில்லை. கடன் தருவோன் கதவைத்தான் தட்டுகின்றான். அன்று முதல் அவன் தெருவில் நிமிர்ந்து நடப்பதில்லை. கடன் தந்தவன் செய்யும் தவற்றைத் தவறென்று சொல்லவும் அவன் நா எழுவதில்லை. மூன்று உருளையின் விலையும் ஓராண்டுத் தேநீர்க் காசும் ஒரு பெட்டியில் இருந்திருப்பின், அவ்விரவில் அவன் அக்கதவைத் தட்டியிருக்க மாட்டான்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கசிவை அடைப்பதால் ஊற்று பெருகிவிடாது. உழைப்புக்கேற்ற கூலி பெறாதவனிடம் “சிக்கனமாக வாழ்” என்று அறிவுரை கூறுவது, நீரில்லாத குடத்தின் ஓட்டையை அடைக்கச் சொல்வது போலாகும். கூலிக்காகக் குரல் கொடுத்தல் ஒரு கடமை. வந்த கூலியைக் காத்தல் மற்றொரு கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அன்பர்களே! இத்திங்களிலேயே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். கிழமைக்கு ஒருமுறை மின்னளவியின் எண்ணைப் பிள்ளை எழுதட்டும். உருளை மாற்றிய நாளை அடுக்களைச் சுவரில் குறித்து வையுங்கள். சட்டைப்பைச் செலவைத் தந்தை தம் கையாலேயே எழுதட்டும். இரு திங்கள் கழித்து அனைவரும் கூடியமர்ந்து கூட்டிப் பாருங்கள். அவ்வாறு எஞ்சிய காசின் முதற்செலவு, பசியில்லை என்று சொல்லியே பழகிப்போன அன்னைக்கு, உங்களோடு அமர்ந்து உண்ண, நிறைந்த ஒரு கலம் சோறாக இருக்கட்டும்.